டீசல் எஞ்சின் மொடலுக்குக் கைபிடிக் கம்பி: வார்ப்புப் பிளாஸ்ரிக்கா, செப்புக் கம்பியா?

இலங்கை ரயில்வேயின் டீசல் எஞ்சின்களில் 1954 இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2, 1975 இல் வந்த எம்4 இரண்டு வகைக்குமே வெளிப்பக்கம் நடைபாதையும் அதை ஒட்டி நீளக் கைபிடியும் உண்டு. மாங்குளம் ஸ்ரேசனில் நின்று பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் கம்பிதான். 1:87 மொடலில் அது தடித்துப் போனால் மற்ற வேலை எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும்.

வார்ப்புப் பிளாஸ்ரிக் பாகம் சுகம். வெட்டி, ஒட்டி, பூசினால் முடிந்தது. கோன், விளக்கு, வெற்றிடப் பிரேக் குழாய் ஆகியவற்றுக்கு அதுவே போதும். வளையும் வகைப் பிளாஸ்ரிக்கில் வரும் கைபிடிதான் தொல்லை. அதில் பசையும் பிடிக்காது, நிறப்பூச்சும் நிற்காது, தோல் தோலாக உரியும்.

கைபிடிக்கு என் தெரிவு கம்பிதான். காரணம் அழகைவிடப் பராமரிப்பு. சோளகம் தொடங்கினால் வன்னியில் புழுதி அலுமாரிக்குள்ளும் வந்துவிடும். மொடலைக் கிழமைக்கு ஒருமுறையாவது தூரிகையால் தட்ட வேண்டும். மேற்பரப்பில் சுப்பர் குளூவால் மட்டும் ஒட்டிய பாகத்தில் தூரிகை மயிர் கொளுவினால் பாகம் கழன்றுவிடும், ஏனென்றால் அந்தப் பசை இழுவையைத் தாங்கினாலும் பக்கவாட்டுத் தட்டலைத் தாங்காது. துளைக்குள் போய் உட்பக்கம் ஒட்டிய கம்பி வளையுமே தவிர விழாது. வளைந்ததைச் சாமணத்தால் நிமிர்த்தலாம், உடைந்த பிளாஸ்ரிக்கை அப்படிச் செய்ய வழியில்லை.

கம்பிக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. தண்ணிப் பம்ப் மோட்டருக்குக் கொயில் சுற்றும் கடையில் 30 கேஜ் கம்பி கேளுங்கள். 0.315 மி.மீ. விட்டம், 1:87 இல் ஏறத்தாழ 27 மி.மீ. குழாய்க்குச் சமம். ஒரு முனையை வைசில் பிடித்து மற்ற முனையைக் குறட்டால் மெதுவாக இழுங்கள். கை சற்று நழுவுவது போல உணர்ந்ததும் நிறுத்துங்கள். கம்பி நேராகி, கொஞ்சம் விறைத்தும் விடும். கம்பி மேலுள்ள எனாமல் பூச்சைச் சுரண்ட வேண்டாம், 600 நம்பர் அரத்தாளால் ஒருமுறை உரசிவிட்டுப் பிறைமர் அடித்தால் போதும்.

துளையின் விட்டம் 0.4 மி.மீ. இருக்கட்டும். முதலில் ஊசியால் குத்திப் புள்ளி வைக்காமல் துளைத்தால் துளைக்கும் அலகு வழுக்கும், அமத்தினால் முறியும். கைத்துளைப்பானை இரண்டு விரலால் மட்டும் சுழற்றுங்கள். சிறு பிடிகளை 5 மி.மீ. அகலத்தில் மடித்து, உடலுக்கும் கம்பிக்கும் இடையே 1 மி.மீ. மட்டையை வைத்து, பசையை உள்ளேயிருந்து தொடுங்கள். யன்னல் கண்ணாடியைக் கடைசியில் பூட்டுங்கள், பசை ஆவி பட்டால் வெள்ளையாய்ப் பூத்துவிடும்.

நீளக் கைபிடியில்தான் பலர் சறுக்குவது. சூட்டில் பிளாஸ்ரிக் உடல் செம்பைவிட நாலு மடங்களவு விரியும். தகரக் கூரையின் கீழே மத்தியான வெக்கையில் இறுக்கி, கைபிடியைத் தாங்கும் ஒவ்வொரு தூணிலும் ஒட்டிவிட்டால், மார்கழி இரவில் உடல் சுருங்கும்போது கம்பி அலை அலையாக நெளியும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமே அதற்குப் போதும். நடுத்தூணில் மட்டும் பசை வையுங்கள், மற்றத் தூண்களின் கண்ணுக்குள் (தலையிலுள்ள வளையத்துக்குள்) கம்பி வழுக்கிப் போகட்டும். தூணுக்கு 36 கேஜ் கம்பியை 0.4 அலகில் சுற்றி முறுக்கினால் கண் தானாக வரும்.

அரித்தெடுத்த பித்தளைத் தகடு ஏணிப்படிக்கும் வைப்பருக்கும் நல்லது, கைபிடிக்கு ஆகாது. தகடு தட்டை, குழாய் உருண்டை. முப்பரிமாண அச்சு ரெசின் பார்வைக்கு மிகத் துல்லியம். ஆனால் மெல்லிய பாகம் வெயில் படப்பட நொறுங்கும் தன்மை அடைவதால் யன்னலோரக் காட்சிக்கு வைக்காதீர்கள். நிழலில் எத்தனை வருசம் நிற்கும் என்று இப்போதே அடித்துச் சொல்லும் அளவுக்கு அதன் பாவனைக் காலம் போதாது.