பன்னிரண்டு போத்தல், பதினொரு ‘டிக்’

நன்றி நவிலல் நாள் முடிந்த கையோடு கடையில் கிரான்பெரி (புளிப்பான சிவப்புச் சிறுபழம்) மலிந்திருந்தது, 340 கிராம் பையாக ஆறு வாங்கிவிட்டேன். சோஸ் காய்ச்சி அடைத்தால் ஒரு பைக்குக் கால் லீட்டர்ப் போத்தல் இரண்டு வரும், அந்தக் கணக்கில் 12 போத்தல் உள்ள பெட்டி ஒன்றும் எடுத்தேன். இது அந்தப் பெட்டியைப் பற்றி.

போத்தலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடித்த கண்ணாடி, அகலமான வாய், கரண்டி அடிவரைக்கும் போகும். சோஸும் பெரிய வேலையில்லை: ஒரு பைப் பழத்துக்கு ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், கொஞ்சம் கறுவா, ஒரு செத்தல் மிளகாய் (இது என் விசர்), பழமெல்லாம் பட்பட்டென்று வெடித்து அடங்கப் பத்து நிமிடம். பெக்டின் பழத்திலேயே இருப்பதால் ஆறினால் தானாக இறுகும். சூட்டோடு ஊற்றி, மேலே கால் அங்குலம் விட்டு, விளிம்பைத் துடைத்து மூடி, போத்தல் மூழ்கக் கொதிநீரில் 15 நிமிடம். ரொறன்ரோ மாதிரித் தாழ்வான இடத்துக்குத்தான் இந்த நேரம், மலைப் பக்கம் என்றால் கூட்ட வேண்டும்.

பிரச்சினை மூடியில். தட்டை மூடி ஒன்று, திருகு வளையம் ஒன்று. ஆறும்போது மூடி உள்வாங்கி ‘டிக்’ என்று சத்தம் வரும், காற்றுப் புகாமல் அடைபட்டதற்கு அதுதான் அடையாளம். இரவு மேசையில் இருந்து எண்ணினோம், பதினொன்றோடு நின்றுவிட்டது. காலையில் பன்னிரண்டாவதின் நடுவை அழுத்தினால் மேலும் கீழும் துள்ளுகிறது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் விளிம்பில் நகம் பட்டது போல ஒரு வெட்டு. தட்டை மூடியை இரண்டாம் தடவை பாவிக்கவும் கூடாது, பெட்டியில் உதிரி மூடி ஒன்றுகூட வைக்கவில்லை, என்ன கஞ்சத்தனமோ! சரி, குளிரூட்டியில் வைத்து அந்தக் கிழமையே ரோஸ் பாணோடு முடித்தோம்.

வளையங்களைக் கழற்றாமல் நிலவறையில் விட்டதில் இரண்டு கறள் பிடித்துவிட்டன, அது என் பிழை. அப்புறம், வெங்காயம் போட்டுச் சட்னியாக்க ஆசைப்படுபவர்களுக்கு: இதைக் காப்பதே பழத்தின் புளிப்புத்தான், வெங்காயம் அதைக் குறைத்துவிடும், அடைத்து வைக்காமல் குளிரூட்டியிலேயே வையுங்கள்.

போத்தலுக்கு ஐந்துக்கு ஐந்து, மூடிக்கு இரண்டு. இப்போது மாசிப் பனி, வாட்டிய கோழிக்கு நாலு போத்தல்தான் மிச்சம். அடுத்த ஒக்டோபரிலும் இதையே வாங்குவேன், உதிரி மூடி ஒரு பொதியும் சேர்த்து.