அவசரச் செலவுக்கு அஞ்சலக ஆர்.டி. தாங்குமா?

காசு சேர்க்கிறதுக்கு அஞ்சலக ஆர்.டி.யை, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்கை விட ஒழுங்கான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இன்றைக்கே வேண்டும் என்று போய் நின்றால் அது கை கொடுக்காது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு கணக்கு ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான் அது பிரயோஜனம்.

திண்டுக்கல்லில் வீட்டோடு சேர்ந்த தையல் கடை என்னுடையது. ஜாக்கெட், சுடிதார், ஜூன் வந்தால் ஸ்கூல் யூனிபார்ம். தீபாவளிக்கு முன்னால் சாப்பிட நேரமிருக்காது; ஆடியிலும் மார்கழியிலும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். மாதச் சம்பளக்காரர்கள் எழுதும் சேமிப்பு யோசனைகள் எனக்கு ஒத்துவராது. அதனால் என் மாதிரி வருமானம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விவரம் முதலில். குறைந்தது மாதம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொள்ளலாம். உச்சவரம்பு கிடையாது. காலம் 5 வருஷம், 60 தவணை. 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டுவட்டி. மாதம் 1,000 கட்டினால் போட்டது 60,000, கைக்கு வருவது 71,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பெரிய லாபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லாபத்துக்காக நான் போடவும் இல்லை.

எங்கள் தெருவுக்கு ஏஜென்ட் அக்கா ஒருவர் வருவார். கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டையில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். "பதினஞ்சுக்குள்ள எடுத்து வச்சிரு தாயி, தாண்டுனா பைன் விழும்" என்பார். பைன் என்றால் நூறுக்கு ஒரு ரூபாய்தான். ஆனால் நாலு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும். அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்க வேண்டும். ஏஜென்டுக்கு கமிஷன் அரசாங்கம் கொடுக்கிறது, நம்மிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அட்டையோடு திருப்திப்படாதீர்கள். அவ்வப்போது பாஸ்புக்கை வாங்கி வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நம்பாததால் இல்லை, அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது முன்பணத் தள்ளுபடி. ஆறு மாதத் தவணையை மொத்தமாகக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய் கழிவு, பன்னிரண்டு மாதமென்றால் 40 ரூபாய். அதாவது மாதம் 1,000 ரூபாய்க் கணக்கில் ஒரு வருஷத் தவணை 12,000க்கு 11,600 கட்டினால் போதும். தீபாவளிக் கூலி கையில் இருக்கும்போதே ஆறு மாதத்தைக் கட்டிவிடுவேன். மார்கழி வரும்போது அக்காவைப் பார்த்து ஒளிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், கூலிவேலை செய்கிறவர்களுக்கு வட்டியை விட இதுதான் பெரிய சலுகை. ஏனோ யாரும் இதைப் பேசுவதில்லை.

இனி குறை. கணக்கு ஆரம்பித்து 3 வருஷம் முடியும்வரை உடைக்க முடியாது. அதற்கப்புறம் உடைத்தாலும் 6.7 கிடையாது, சாதாரண சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான். ஐந்து வருஷம் முடிய ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தாலும் அதே 4 தான். அவசரத்துக்கென்று சேர்க்கிறவருக்கு இது கசக்கிற விதி. ஒரு வருஷம் முடிந்து 12 தவணையும் கட்டியிருந்தால் இருப்பில் பாதியைக் கடனாக எடுக்கலாம் என்பதுதான் ஆறுதல்.

மாமியார் வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அந்தக் கடன்தான் கைகொடுத்தது. ஆபரேஷன் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. ஆனால் துணைக்கு இருக்கிறவர் சாப்பாடு, ஆட்டோ, வாக்கர், பெரியவர்களுக்கான டயப்பர், ராத்திரிக்கு ஓட்டை வைத்த நாற்காலி, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. கடை பூட்டிக் கிடந்த நாட்களின் கூலியும் வராது. பக்கத்தில் நூற்றுக்கு மூணு வட்டிக்குக் கொடுக்க ஆள் இருந்தார், கேட்பதற்கு முன்னாலேயே வந்து நின்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 தவணை கட்டிய 1,000 ரூபாய்க் கணக்கில் 12,000 கடன் கிடைக்கும். வட்டி, ஆர்.டி. வட்டியோடு 2 சேர்த்து 8.7 சதவீதம்; மாதத்துக்கு 87 ரூபாய். மூணு வட்டியில் அதே 12,000க்கு மாதம் 360. கடனை மாதாமாதமும் அடைக்கலாம், மொத்தமாகவும் அடைக்கலாம். அடைக்காமல் விட்டால் முதிர்வுத் தொகையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனாலும் பாஸ்புக்கோடு கவுன்டருக்குப் போய்ப் படிவம் எழுதித்தான் இந்தக் கடன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கு உதவாது. அதற்கு ஏ.டி.எம். கார்டு உள்ள ஒரு சேமிப்புக் கணக்கில் ஒரு மாத வீட்டுச் செலவாவது தனியாகக் கிடக்க வேண்டும். வட்டி கம்மிதான், கிடந்துவிட்டுப் போகட்டும். சமையலறையில் ஒளித்து வைக்கும் சிறுவாடும் இருக்கட்டும். ஆனால் அது பிள்ளைகளின் டூர் காசாகவும் கேஸ் சிலிண்டராகவும் கரைந்துவிடும், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மாதம் 2,000 கட்ட முடியுமென்றால் ஒரே கணக்காகப் போடாதீர்கள். 500 ரூபாயில் நாலு கணக்காகப் போடுங்கள். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்க விடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்ற மூன்றுக்கும் முழு வட்டி ஓடும். கையில் நாலு பாஸ்புக், ஏஜென்ட் அக்கா கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்று, படுக்கையில் விழுவது நாமாகவே இருக்கலாம். என் பேரில் மட்டும் கணக்கு இருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போட நான்தான் எழுந்து போகவேண்டும். அதனால் வீட்டுக்காரரையும் சேர்த்து ஜாயின்ட் 'பி' என்று கேட்டு எழுதினேன். அதில் யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். 'ஏ' என்று எழுதினால் எல்லோரும் சேர்ந்து போட வேண்டும். படிவத்தில் அந்த இடத்தைப் பார்த்து நிரப்புங்கள்.