ஏர் வாங்கிய படகும் ராயக்கோட்டை சாலைப் பட்டறையும்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இருக்கும் அந்தப் பட்டறையில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பாதி உயிரோடு ஒரு கிரைண்டர் உண்டு. வாசலில் எப்போதும் நாலைந்து போர்வெல் மோட்டார்கள் துணி சுற்றிப் படுத்திருக்கும். அங்கே ஒரு பந்தயப் படகைத் தூக்கிக்கொண்டு போனேன். ரிமோட்டில் ஓடும் மின்படகு. பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “பையனுக்கா தம்பி?” என்றார். எனக்கு வயது 46. “எனக்குத்தான் அண்ணா” என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பம்பு இம்பெல்லரை ஒதுக்கிவிட்டு, படகை வைக்க இடம் செய்தார். முதல் மதிப்பெண் அதற்கு.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. “பெயர் போடாதே, பொம்மை வேலைக்கு ஆள் வந்து நிற்பார்கள், விவசாயி திட்டுவான்” என்று அவரே சொல்லிவிட்டார்.

படகின் ஜாதகம் இது. கண்ணாடி இழை உடல், ஆழமான வி வடிவ அடிப்பகுதி, நீளம் 650 மி.மீ. பெங்களூரில் இரண்டு பேரிடம் கைமாறி என்னிடம் வந்தது. உள்ளே 36 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. நீளமும் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார், 2000 கேவி. அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று. நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட் தருவதால் 29,600 சுற்று. புரொப்பெல்லர் எக்ஸ்440 வகை: விட்டம் 40 மி.மீ., ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம் விட்டத்தைப் போல 1.4 மடங்கு, 56 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 99 கி.மீ. வருகிறது. தண்ணீரில் இறக்கை வழுக்கும், சுமை ஏறினால் சுற்று குறையும்; முப்பது சதவீதத்தைக் கழித்தாலும் 70 வந்தாக வேண்டும். ஜிபிஎஸ் காட்டியது 47.

அதோடு, புறப்படும்போது ஒரு நோய். திராட்டிலை அழுத்தியதும் மோட்டார் அலறும், படகு நகராது. நான்கு விநாடி கழித்துத்தான் மூக்கை இறக்கி ஓடத் தொடங்கும். ஓட்டம் பிடித்த பிறகோ தவளை போலத் துள்ளும்.

தெரிந்தவர்கள் சொன்ன மருந்து ஒன்றே ஒன்று: ஆறு செல் பேட்டரி போடு. மாம்பழக்கூழ் ஆலையில் இருபது ஆண்டுகளாக மின்பணி பார்க்கிறேன். ஓடாத கன்வேயருக்குப் பெரிய மோட்டார் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் காய்ந்திருக்கும். 22.2 வோல்ட் ஏற்றினால் அந்தச் சின்ன மோட்டார் 44,400 சுற்றுக்குத் தாவப் பார்க்கும், அப்புறம் புகைதான். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் இன்னொரு வாளி ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தை, மாசியில் ஆலையில் வேலை குறைவு. ஓட்டையைத் தேட நேரம் இருந்தது.

மின்சாரப் பக்கம் என் வேலை என்பதால் அதை நானே முடித்தேன். பேட்டரியில் இருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும் கம்பி ஒரு முழம் நீளம் இருந்தது, குட்டையாக்கினேன். அந்தக் கம்பி நீண்டால் மின்னழுத்த அலைச்சல் கூடி, கருவியின் கெப்பாசிட்டர்கள் சூடாகிச் சாகும். பிறகு வாட் மீட்டரை இணைத்து, கால்வாசித் திராட்டிலில் மோட்டாரை மட்டும் சில விநாடி சுற்றவிட்டேன்: 1.8 ஆம்பியர். மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டையும் இணைத்துச் சுற்றினால் 4.1. புரொப்பெல்லர் தண்ணீரைத் தொடும் முன்பே இவ்வளவு வீணாகிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. புரொப்பெல்லரை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். “இங்கே பிடிக்கிறது.” இன்னொரு சுற்று. அதே இடம். மோட்டாரையும் வளையும் கம்பி ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜ் வைத்து, முள் ஓடுவதைத் தெலுங்கில் எண்ணினார். கோணல் 0.12 மி.மீ. “போர்வெல் பம்பில் இவ்வளவு இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் ஒரு மாதம் தாங்காது” என்றார். போர்வெல் மோட்டார் சுற்றுவது நிமிடத்துக்கு 3000-க்குள். இது அதைப் போல பத்து மடங்கு சுற்றும் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

இஎன்8 ரக எஃகில் புதிய கப்ளிங் கடைந்து கொடுத்தார்: ஒரு பக்கம் மோட்டாருக்கு 5 மி.மீ., மறுபக்கம் ஷாஃப்டுக்கு 4 மி.மீ. கோணல் 0.02-க்குள் வந்துவிட்டது. மோட்டார் தாங்கியின் அடியில் பித்தளைத் தகடு கொடுத்து, ஷாஃப்ட் ஓடும் குழாயும் மோட்டாரும் ஒரே கோட்டில் நிற்கும்படி செய்தார். வீட்டில் வந்து அளந்தேன்: 2.4 ஆம்பியர். இந்த ஒரு வேலைக்கே அவருக்கு மாலை போடலாம்.

புரொப்பெல்லர் விஷயத்தில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம். இந்த வகைப் புரொப்பெல்லர் வார்த்தபடியே வரும். தீட்டுவதும் எடையைச் சமன் செய்வதும் வாங்கியவர் பொறுப்பு. அவர் நேராகக் கிரைண்டரைப் போட்டார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அது பெரிலியம் கலந்த செம்பு. அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளவும் கூடாது. “நாற்பது வருடமாக இரும்புத் தூள் தின்கிறேன்” என்று முறைத்தார். ஆனாலும் பேசினில் தண்ணீர் பிடித்து, என் முகக்கவசம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே எமரி தாளால் தேய்த்தார்.

அதன் பிறகு நடந்தது பார்க்க வேண்டிய காட்சி. இரண்டு மரக்கட்டைகளில் சவர பிளேடுகளை நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரி பார்த்தார். புரொப்பெல்லரை அளவான எஃகுத் தண்டில் கோத்து பிளேடுகள் மேல் கிடத்தினார். ஒரு இறக்கை மெல்லச் சரிந்து கீழே போய் நின்றது. கனத்த பக்கம் அதுதான். தண்ணீரைத் தள்ளும் முகத்தைத் தொடாமல் முதுகை மட்டும் நான்கு இழுப்பு தேய்த்தார், மறுபடியும் கிடத்தினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். டீ கொண்டுவந்த பையனைக்கூட வாசலிலேயே நிற்க வைத்தார். பதினோராவது முறை, எந்த நிலையில் விட்டாலும் அது அப்படியே நின்றது. முன்விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தேன்; வழுக்காமல் கவ்வியது.

இனி குறை. புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் பிடிப்புக்கும் ஷாஃப்டின் பின்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற காலுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தேன். முறுக்குக் கம்பியால் ஆன ஷாஃப்ட் சுமை ஏறும்போது இறுகிக் குட்டையாகும். அதற்காகத்தான் அந்த இடம். பம்பில் அப்படி ஒரு இடைவெளி இருந்தால் தப்பு என்பது அவருடைய பழக்கம். என்னிடம் கேட்காமல் அதை மூடிவிட்டார். நானும் பார்க்காமல் ஏரியில் இறக்கினேன். நூறு மீட்டர் ஓடியதும் படகு முனகியது, நின்றது. ஷாஃப்ட் சுருங்கி, பிடிப்பு ஸ்ட்ரட்டின் முகத்தில் போய் உரசியிருக்கிறது. பித்தளை புஷ் கருகி நீலம் பாய்ந்துவிட்டது. நடு ஏரியில் நின்ற படகை எடுக்க மீன் குத்தகைக்காரரின் பரிசலுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அவருடைய வசவு இலவசம். புஷ்ஷைப் பட்டறைக்காரர் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். தவறு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு, கேட்காமலேயே வண்டியில் ஏறி ஏரிக்கு வந்துவிட்டார். கேஆர்பி என்ற கிருஷ்ணகிரி அணையில் படகு விட அனுமதி கேட்க எனக்குத் துணிவில்லை. அவதானப்பட்டி ஏரியில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன ஏரிதான் எங்களுக்கு. கரையில் நிப்பட்டு கடித்துக்கொண்டு நின்றவர், படகு புறப்படும் சத்தத்தைக் கேட்டதும் சொன்னார்: “ஏர் வாங்குகிறது.”

ஏர் என்றால் இங்கே கலப்பை அல்ல, காற்று. கிணற்றில் தண்ணீர் இறங்கி, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு வெளியே தெரிந்தால் பம்பு போடும் அதே சத்தம். அதைத்தான் நான் மாதக்கணக்கில் மோட்டார் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படகுகளில் முழு வேகத்தில் புரொப்பெல்லரின் பாதி தண்ணீருக்கு மேலே சுற்றும், அதனால்தான் வேகம். ஸ்ட்ரட்டை ரொம்ப ஏற்றிவிட்டால் புறப்படும்போது கவ்வத் தண்ணீர் கிடைக்காமல் காற்றைக் கடையும். ஸ்ட்ரட்டை ஏற்றி இறக்க அவர் செய்து கொடுத்த தகட்டில் அரை மி.மீ. கோடுகள் உண்டு. மூன்று கோடு இறக்கினோம். படகு விசில் அடித்தது போலப் புறப்பட்டது. ஆனால் உச்ச வேகத்தில் 4 கி.மீ. போய்விட்டது. இரண்டு கோடு ஏற்றினோம். அங்கேதான் இரண்டும் ஒத்துப்போயின. ஷாஃப்டின் வால் லேசாக மேல்நோக்கி இருந்ததால் தள்ளுவிசை பின்புறத்தை அழுத்தி மூக்கைத் தூக்குகிறது என்பதையும் கண்டுபிடித்து, அடிப்பகுதிக்கு இணையாக வைத்தோம். பேட்டரியை முன்னால் நகர்த்தி, எடைமையத்தைப் பின்பலகையில் இருந்து 169 மி.மீ. தூரத்தில் இருந்து 200-க்குக் கொண்டுபோனேன். தவளைத் துள்ளல் அடங்கியது.

அதே மோட்டார், அதே பேட்டரி. 63 கி.மீ. புறப்பட இரண்டு விநாடிக்கும் குறைவு. கரைக்கு வந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், கை வைத்திருக்க முடிந்தது. முன்பு முடியாது.

கூலி: கப்ளிங் 650 ரூபாய், ஸ்ட்ரட் தகடு 900, புரொப்பெல்லர் வேலை 300. பில் கிடையாது, பணத்தைப் போனிலேயே வாங்கிக்கொள்கிறார். இரண்டு நாள் என்று சொன்னால் ஒன்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த மோட்டாரோடு ஒரு விவசாயி வந்தால் உங்கள் பொருள் மேசையில் இருந்து தரைக்குப் போய்விடும். கோபப்பட்டுப் பயனில்லை, பயிர் வாடுகிறவரோடு என்னால் வரிசைச் சண்டை போட முடியாது. வேலைக்கு 5-க்கு 4, நேரத்துக்கு 1. நீங்கள் போவதாக இருந்தால், எங்கே இடைவெளி வேண்டும் என்பதைத் தாளில் எழுதாமல் பொருள் மேலேயே மார்க்கரால் எழுதிக் கொடுங்கள். தாளை அவர் படிப்பதில்லை.

வலப்பக்கம் திரும்பும்போது பின்புறம் இன்னும் வழுக்குகிறது. அதற்கு 2 மி.மீ. எஃகுத் தகட்டில் ஒரு திருப்பத் துடுப்பு வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். நேற்று மூன்றாவது முறையாகப் போனேன். துடுப்பு பாதி அறுபட்டபடி வைஸில் நிற்கிறது. அதன் மேல் யாரோ ஒருவரின் பம்பு கேஸ்கட் காய்ந்துகொண்டிருக்கிறது.