பழைய கேமிங் கணினியா, புது லேப்டாப்பா? மேம்படுத்திய பிறகு நீண்டநாள் பயன்பாட்டில் கண்டவை

2017இல் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய மேசைக்கணினி அது. ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. பல ஆண்டுகள் எந்தக் குறையும் வைக்கவில்லை. 2024இல்தான் திணறத் தொடங்கியது. புதிய கேம்களில் காட்சித் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் கூட்டமான இடங்களில் படம் விட்டுவிட்டு ஓடியது. மொத்தமாகக் கைகழுவிவிட்டு ஒரு கேமிங் லேப்டாப் வாங்குவதா, இருப்பதையே மேம்படுத்துவதா என்ற கேள்வி அப்போது வந்தது. நான் மேம்படுத்தினேன். அதே சமயத்தில் என் தம்பி, ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள ஒரு கேமிங் லேப்டாப்பை வாங்கினான். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறேன். அவனுடையதிலும் நிறைய நேரம் விளையாடியிருக்கிறேன்.

மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் எந்தப் பாகம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிது. உங்களுக்குச் சிக்கல் தரும் கேமைத் திறந்து, ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. கொஞ்சமும் அசையாமல் நின்றால் பிராசஸர்தான் தடை. என் கணினியில் விடை கேமுக்குக் கேம் மாறியது. வியூக விளையாட்டுகளிலும், நகரம் கட்டும் விளையாட்டுகளிலும், பெரிய திறந்தவெளி உலகங்களிலும் பிராசஸர் மூச்சுமுட்டியது. மற்றவற்றில் கார்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகப் புது கார்டு வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பாதிப் பணம் பயன்படாமலே கிடக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது, மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான ஏஎம்4 சாக்கெட். 2017இல் முதல் ரைசனுக்காக வாங்கிய அதே போர்டில், பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) 2022க்குப் பிறகு வந்த பதிப்புக்குப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை வரை பொருத்தலாம். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி தொடக்கத்தில் இதற்கு அனுமதி தரவில்லை. பிறகுதான் என் பி350 போன்ற பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் வழிவிட்டது. 2024 ஜனவரியில் ரைசன் 7 5700எக்ஸ்3டி வந்தது. எட்டு கோர், 105 வாட். அதன் சிறப்பு எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்: சில்லில் ஏற்கெனவே உள்ள 32 எம்பிக்கு மேல் 64 எம்பியை அடுக்கி, மொத்தம் 96 எம்பி. என் பழைய 1600இல் இருந்தது 16 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தகவல் பிராசஸருக்கு உள்ளேயே கிடைப்பதால் ஒவ்வொரு முறையும் ராமுக்கு ஓட வேண்டியதில்லை. இதனால் என் பழைய, வேகம் குறைந்த ராமையே வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

மாற்றும் வேலையில் வரிசைமுறை முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதிய பிராசஸரைப் பொருத்திவிட்டால், பழைய பயாஸுக்கு அதை அடையாளமே தெரியாது, திரை இருட்டாகவே நிற்கும். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே அடுத்தது. தயாரிப்பாளரின் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள். அடுத்தது, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 பிராசஸர்களில் ஊசிகள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் பல ஆண்டுகள் காய்ந்து கோந்துபோல் பிடித்திருக்கும். நேராக இழுத்தால் கூலரோடு சேர்ந்து பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். கழற்றுவதற்கு முன் ஒரு கேமைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள். 5700எக்ஸ்3டியோடு கூலர் வராது என்பதால் ஒரு நல்ல டவர் கூலரும் வாங்கினேன்.

பலன்? சராசரி ஃப்ரேம் ஏறியது. ஆனால் நான் உண்மையில் அனுபவித்தது சறுக்கல்கள் மறைந்ததைத்தான். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சுமார் 16.7 மில்லி விநாடி. சராசரி 60 என்று திரையில் காட்டிக்கொண்டே, இடையில் ஒரு ஃப்ரேம் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. பழைய பிராசஸரில் இது சகஜமாக நடந்தது. இப்போது சந்தை, போர்க்களம் போன்ற நெரிசலான இடங்களிலும் ஓட்டம் சீராக இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் மறுபடியும் இதே முடிவை எடுப்பேன்.

கிராபிக்ஸ் கார்டு தேர்வில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பி350 போர்டில் கார்டுக்குத் தகவல் போகும் பாதை பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடங்கள்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. புதிய போர்டில் அது பிசிஐஇ 4.0 வேகத்தில் ஓடுவதால் போதுமானது. என் போர்டில் போட்டால் பாதை பாதியாகக் குறுகி, விநாடிக்குச் சுமார் 8 ஜிபியில் நின்றுவிடும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை பெரிய பாதிப்பில்லை. நிரம்பி, மீதியைக் கணினியின் ராமிலிருந்து எடுக்கத் தொடங்கும்போது அந்தக் குறுகிய பாதை படத்தைத் திக்கித் திணற வைக்கும். எனவே தலைமுறையில் பழையதானாலும், பதினாறு லேனும் 12 ஜிபி நினைவகமும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060ஐ எடுத்தேன். 170 வாட் எடுக்கும் கார்டு. கார்டைத் தயாரிக்கும் என்விடியா அதற்குப் பரிந்துரைக்கும் பவர் சப்ளை 550 வாட். என்னிடம் இருந்தது அதுவே. 1080பி மானிட்டரில் இன்றும் பெரும்பாலான கேம்களை உயர்தரத்தில் ஆடுகிறேன். 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் போல, ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) வசதி கார்டிலேயே இருந்தால்தான் திறக்கும் கேம்கள் வரத்தொடங்கிவிட்டன. 1060 அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

இனி தம்பியின் லேப்டாப். அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை, அவனுக்கு அது மிகச் சரியான பொருள். விடுதி, வகுப்பு, வீடு என்று மாறிமாறி இருப்பவன். ஒரே பையில் படிப்பும் விளையாட்டும் போய்விடுகின்றன. திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த வேலை அழிவதில்லை. என் மேசைக்கணினிக்கு அதற்காகத் தனியே யுபிஎஸ் வைத்திருக்கிறேன்.

ஆனால் லேப்டாப் வாங்குபவர்கள் கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கூடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 24 ஜிபி நினைவகமும் உள்ளன. அதே பெயரில் லேப்டாப்பில் வருவதில் 9,728 கோர்களும் 16 ஜிபியும்தான், சில்லே வேறு. 4070இலும் இதே கதை: மேசையில் 12 ஜிபி, மடியில் 8 ஜிபி. 4060இல் கோர் எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் லேப்டாப்பில் அதற்குக் கொடுக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். மெல்லிய உடம்பில் குறைந்த வாட்டில் அடைத்து வைத்த 4060, தடித்த லேப்டாப்பில் முழு மின்சாரம் பெறும் 4050க்கே ஈடுகொடுக்கத் தடுமாறும். விவரப் பட்டியலில் டிஜிபி என்ற எண்ணைத் தேடுங்கள், கார்டுக்குக் கிடைக்கும் வாட் அளவு அதுதான். அது இல்லாத லேப்டாப்பை நான் வாங்கமாட்டேன்.

நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை வேறு சில. முழு வேகத்தில் விசிறிச் சத்தம் ஹெட்போன் இல்லாமல் தாங்க முடியாது. விசைப்பலகையின் நடுப்பகுதி சூடாகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் சரிந்துவிடுகிறது, ஏனென்றால் அவ்வளவு வாட்டை பேட்டரியால் தர முடியாது. எனவே 'எங்கும் விளையாடலாம்' என்பதற்குப் பொருள், பிளக் பாயின்ட் உள்ள எங்கும் என்பதுதான். செங்கல் அளவு சார்ஜரும் கூடவே போக வேண்டும். எப்போதும் சார்ஜரிலேயே இருப்பதால் பேட்டரி தேயாமல் இருக்க, 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பை முதல் நாளே போட்டுவைத்தோம். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் மென்பொருளில் இந்த வசதி உண்டு, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பழுதில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகப் புரிந்தது. என் கேபினட்டில் ஒரு விசிறி உறுமத் தொடங்கியபோது, பொதுவான 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வாங்கி அன்று மாலையே மாற்றினேன். தம்பியின் லேப்டாப்பில் ஒரு விசிறி பழுதானபோது, அந்த மாடலுக்கே உரிய விசிறி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெப்பக்குழாய்களோடு முழுத் தொகுதியையும் கழற்றித் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூச வேண்டியும் இருந்தது. அதில் ராம் சாக்கெட் இருப்பது அவனுடைய நல்ல காலம். பல புதிய மெல்லிய லேப்டாப்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. பிராசஸரை மாற்றியதால் அந்தத் தலைவலியும் தீர்ந்தது. பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கி, வட்டை ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறைக்கு மாற்றி, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் இயக்கினேன். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி தகவலை அழிக்காமலே மாற்றித்தருகிறது, ஆனாலும் முதலில் காப்பு நகல் எடுத்துவிடுங்கள்.

படுக்கையில் சாய்ந்தபடி விளையாடும் ஆசை எனக்கும் உண்டு. அதற்கு அலுவலக வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண லேப்டாப்பே போதுமாக இருக்கிறது. மேசைக்கணினியில் சன்ஷைன் என்ற மென்பொருள், லேப்டாப்பில் அதன் ஜோடியான மூன்லைட். கேம் அங்கே ஓடுகிறது, படம் இங்கே வருகிறது. மேசைக்கணினியை ரௌட்டரோடு கேபிளில் இணைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வைத்தால், கதை சார்ந்த கேம்களில் தாமதமே தெரிவதில்லை. துப்பாக்கிச் சண்டைப் போட்டிகளுக்கு மட்டும் மேசைக்கே எழுந்து போகிறேன்.

ஆகவே, யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, வாரத்தில் எத்தனை நாள் கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவீர்கள் என்பதுதான். அடிக்கடி என்றால் லேப்டாப், யோசிக்கவே வேண்டாம். எப்போதாவது என்றால் போர்டின் பெயரைக் கேட்பேன். ஏஎம்4 என்றால் மேம்படுத்தச் சொல்வேன். இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறை என்றால் பதில் கடினம். விண்டோஸ் 11 பட்டியலில் வரும் எட்டாம் தலைமுறையை அந்தப் போர்டுகள் அதிகாரப்பூர்வமாக ஏற்காது. போர்டு, பிராசஸர் இரண்டையும் மாற்ற வேண்டும், டிடிஆர்5 கேட்கும் புதிய போர்டு என்றால் ராமையும் மாற்ற வேண்டும். அப்போது செலவு லேப்டாப்புக்கு நெருங்கிவிடும், கேபினட்டும் பவர் சப்ளையும் மானிட்டரும் மட்டுமே மிச்சம்.

என் கணினிக்கும் ஏஎம்4 பாதை இத்துடன் முடிந்தது. அடுத்தது ஏஎம்5, அதற்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். இடையில் மாற்ற நினைப்பது பவர் சப்ளையை மட்டும். 2017இலிருந்து உழைக்கும் பாகம் அது, கெப்பாசிட்டர்களுக்கும் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் உள்பாகங்கள்) வயதாகிவிட்டது. புதியதில் 750 வாட் எடுப்பேன், அடுத்த கார்டுக்கும் அதுவே உதவும்.