ட்ரூரியா, டைலரா? என்னைக் கேட்டால் மூன்றாவது ஆள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிற நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால், மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற சண்டைக்கு அடுத்தபடி வருவது இதுதான்: டிவி வர்ணனையில் பெரியவர் பீட்டர் ட்ரூரியா, மார்ட்டின் டைலரா? 2023-இல் டைலர் ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலை விட்டு விலகி, அவர் இடத்தில் ட்ரூரி வந்து உட்கார்ந்ததும் இது ஓய்ந்துவிடும் என்று பார்த்தேன். இன்னும் சூடு பிடித்ததுதான் மிச்சம். கல்லூரிப் பையன்கள் யோசிக்காமல் ட்ரூரி என்பார்கள். முப்பதைத் தாண்டியவர்களிடம் டைலர் பெயரைச் சொன்னால் முகமே மாறும். இரண்டு பேரையும் பல வருஷமாக ராத்திரி தூக்கம் கெட்டுக் கேட்டவன் நான். சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ட்ரூரி. அவர் கொடி பறந்த நாள் 2018 ஏப்ரல் 10. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 4-1 என்று உதை வாங்கிய ரோமா, சொந்த ஊரில் 2-0 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் ஒரு கோல் போட்டால் போதும். மொத்தக் கணக்கு சமமாகி, அன்றைக்கு இருந்த வெளியூர் கோல் விதிப்படி (கணக்கு சமமானால் வெளியூரில் அதிகக் கோல் போட்ட அணிக்கே வெற்றி) ரோமா உள்ளே, பார்சிலோனா வெளியே. 82-ஆவது நிமிடம் கார்னர் பந்தை மனோலாஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுகிறார். உடனே ட்ரூரி: "ரோமா ஹாவ் ரிசன் ஃப்ரம் தேர் ரூயின்ஸ்!" இடிபாடுகளிலிருந்து ரோமா எழுந்துவிட்டதாம். மனோலாஸ் கிரேக்கர் அல்லவா, "ரோம் நகரில் ஒரு கிரேக்கக் கடவுள்" என்று அடுத்த வரி.

இது நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று விளக்க வேண்டியதே இல்லை. ரோமா, ரிசன், ரூயின்ஸ் என்று மோனை போட்டு, மூச்சு விடுகிற இடம் பார்த்து, கடைசிச் சொல்லில் குரலைத் தூக்கி நிறுத்துகிறார். திராவிட இயக்க மேடைகளின் அடுக்குமொழியில் ஊறிய காது இதைக் கேட்டால் கைதட்டத்தான் செய்யும். 2022 உலகக் கோப்பை இறுதியில் மான்டியல் கடைசிப் பெனால்டியைப் போட்டதும் மெஸ்ஸி சொர்க்கத்தோடு கை குலுக்கிவிட்டார் என்றார் பாருங்கள், அன்றைக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் முழுக்க அதே குரல்தான்.

ஆனால் ட்ரூரியின் உச்சம் எனக்கு இவை இரண்டும் இல்லை. 2010 ஜூன் 11, ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி, தென்னாப்பிரிக்கா - மெக்சிகோ தொடக்க ஆட்டம். 55-ஆவது நிமிடம் ஷபலாலா இடது பக்கமாக ஓடி, இடது காலால் எதிர் மூலையின் உச்சியில் அடிக்கிறார். வுவுசெலா ஊதல்களின் சத்தத்துக்கு மேலே ட்ரூரி சொன்னது மூன்றே படி: பஃபானா பஃபானாவின் கோல், தென்னாப்பிரிக்காவின் கோல், ஆப்பிரிக்கா முழுமைக்குமான கோல். அணி, நாடு, கண்டம் என்று வட்டம் விரிந்துகொண்டே போகிறது. அலங்காரம் எதுவும் கிடையாது. நடக்கிற விஷயத்தின் அளவை மட்டும் சொல்கிறார். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பையின் முதல் கோல் அது. அந்த அளவுக்குத்தான் குரலும் போனது.

சிக்கல் எங்கே என்றால், எல்லா நாளும் ரோம் இல்லை. நவம்பர் மாத மழையில் போர்ன்மவுத்தும் ஃபுல்ஹமும் மோதுகிற ஆட்டத்திலும் ட்ரூரிக்குக் காவியம் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு முன்னுரை, முடிந்ததும் ஒரு முடிவுரை. சில நாள் 'அண்ணே, த்ரோ-இன்தான், விட்டுடுங்க' என்று டிவியிடம் சொல்லத் தோன்றும். 2019-20 பருவத்தில் விஏஆர் என்கிற வீடியோ நடுவர் முறை வந்த பிறகு இது இன்னும் மோசம். கோல் விழுகிறது, ட்ரூரி பாட்டுப் பாடி முடிக்கிறார், அப்புறம் கோடு போட்டுப் பார்த்து அக்குள் ஆஃப்சைடு என்று கோலை எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு கவிதையும் தெருவில் நிற்கிறது.

இனி டைலர். 2012 மே 13, லீக்கின் கடைசி நாள், மான்செஸ்டர் சிட்டி - க்யூபிஆர். இந்தக் கிளிப்பைப் பார்க்காத கால்பந்து ரசிகன் இருந்தால் இதை விட்டுவிட்டு முதலில் போய் அதைப் பார்க்கட்டும். கூடுதல் நேரத்தில் ஜெகோ 2-2 ஆக்குகிறார். சண்டர்லாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயித்து முடித்தாயிற்று. இப்படியே போனால் கோப்பை அவர்களுக்கு. 93 நிமிடம் 20 நொடி. பலோடெல்லி விழுந்துகொண்டே பந்தைத் தள்ளிவிட, அகுவேரோ ஒருவரைத் தாண்டி அடிக்கிறார். டைலர் சொன்னது ஒரே சொல். "அகுவேரோஓஓஓ!"

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் விஷயம்: வாயை மூடிக்கொண்டார். சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி அகுவேரோ ஓடுகிறார், மைதானமே அலறுகிறது, வர்ணனை இல்லை. நாம் கத்துவதற்கு இடம் விட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார். சத்தியமாக இனி இப்படி ஒன்றைப் பார்க்க மாட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள், பருகிக்கொள்ளுங்கள் என்றார். கணக்கு, வரலாறு எல்லாம் அதற்குப் பிறகு.

சாதாரண நிமிடங்களில் டைலர் இன்னும் நன்றாக இருப்பார். பந்து நடுக்களத்தில் சுற்றும்போது பெயர்கள் மட்டும் வரும்: ஸ்கோல்ஸ், கேரிக், கிக்ஸ். மூன்றாவது பெயரில் குரல் அரை இழை ஏறினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாலும் அந்த ஏற்றம் கேட்டால் ஓடி வந்துவிடுவேன், பெரும்பாலும் கோலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுவேன். ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கிற கண் இருந்தால்தான் இது முடியும். மனிதர் வோக்கிங் போன்ற சின்ன கிளப்களில் பயிற்சியாளர் குழுவில் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் மேல் நமக்கு இருக்கிற பாசத்தில் ஒரு பங்கு ஃபிஃபா வீடியோ கேமுக்குச் சேரும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் அதில் அவர் குரல்தான். ஹாஸ்டல் ரூமில் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஆடியவர்களுக்கு அது வீட்டுக் குரல் மாதிரி. எதிர்முகாமும் சும்மா இல்லை. 2016 பதிப்பிலிருந்து ப்ரோ எவல்யூஷன் சாக்கரில் ட்ரூரியும் அவருக்குத் துணையாக ஜிம் பெக்லினும். ஆக, எந்த கேம் ஆடினாய் என்று கேட்டாலே பாதி ஓட்டைக் கணித்துவிடலாம்.

டைலரின் கடைசி சில வருஷங்கள் பற்றி ரசிகர்கள் சொல்லும் குறை நியாயமானதுதான். பெரிய கோலுக்குக்கூடப் பெருமூச்சு விடுவது போன்ற குரல், யார் அடித்தது என்பதில் ஒரு தயக்கம். 1945-இல் பிறந்தவர், எழுபதைத் தாண்டியும் மைக் பிடித்தார். நான் ஒப்பிடுவது 2015 வரைக்குமான டைலரை.

பக்கத்தில் உட்காருகிறவரைக் கையாள்வதில் டைலர் ஒரு படி மேல். முன்னாள் ஆட்டக்காரருக்குக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ட்ரூரிக்கு பெக்லின் பொருத்தமாக இருந்தார், அவரும் மென்மையாகப் பேசுகிறவர் என்பதால். ஸ்கையில் முன்னாள் ஆட்டக்காரர்கள் கேரகரையும் கேரி நெவிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ட்ரூரி கவிதை சொல்லும்போது, கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ சம்பந்தி சண்டை போடுவது போல இருக்கிறது. நெவில் ரகமே வேறு: 2012-இல் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் செல்சியின் டோரஸ் தனியாக ஓடிப் போய்க் கோல் அடித்தபோது அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எந்த மொழியிலும் எழுத முடியாது. எனக்கு அது பிடிக்கும். எழுதி வைத்துக்கொண்டு வராத சத்தம்.

இதே சண்டை முந்தைய தலைமுறையில் பிபிசியில் நடந்திருக்கிறது. ஜான் மோட்சன் புள்ளிவிவரக் களஞ்சியம், பேரி டேவிஸ் சிக்கனம். பெரிய இறுதி ஆட்டங்கள் பெரும்பாலும் மோட்சனுக்கே போயின. 1974-இல் தன் பழைய கிளப்பான மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஃபிரான்சிஸ் லீ கோல் அடித்தபோது, அவன் முகத்தைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள் என்று சொன்னவர் டேவிஸ். டிவியில் படம்தான் ராஜா என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர். டைலர் அந்த வழியில் வந்தவர்.

சரி, மூன்றாவது ஆள் யார் என்றால், க்ளைவ் டில்ட்ஸ்லி. பிரிட்டனின் ஐடிவி சேனலில் பல வருஷம் முதல் குரலாக இருந்தவர்.

1999 மே 26, பார்சிலோனா நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயர்ன் முனிக் 1-0 என்று முன்னால். தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. யுனைடெட்டுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் ஷ்மைக்கேலே எதிர் கோலுக்கு முன்னால் வந்து நிற்கிறார். பெக்கம் பந்தை வைக்கும்போது டில்ட்ஸ்லி கேட்கிறார்: யுனைடெட்டால் கோல் போட முடியுமா? அவரே பதிலும் சொல்கிறார்: எப்போதும் போடுவார்கள். பந்து வருகிறது, ஷெரிங்ஹம், 1-1. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கார்னர். பெக்கம், ஷெரிங்ஹம், "சோல்ஷார் ஜெயித்துக் கொடுத்துவிட்டார்!"

ட்ரூரியின் ரோமா வரி கோலுக்குப் பின்னால் வந்தது. டைலரின் அகுவேரோ கோலோடு சேர்ந்து வந்தது. டில்ட்ஸ்லியின் வரி கோலுக்கு முன்னால் வந்தது. வித்தியாசம் இங்கேதான். கோல் விழுந்த பிறகு அழகாகப் பேசத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. விழுவதற்கு முன்னால் அதை நம் வயிற்றில் உணர வைக்க, அந்த அணியை அந்தப் பருவம் முழுக்க ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அந்த வருஷம் அரையிறுதியில் ஜுவென்டஸிடம் 2-0 என்று பின்தங்கி 3-2 ஜெயித்த அணி அது. 'எப்போதும் போடுவார்கள்' என்ற வரிக்குள் அதெல்லாம் அடங்கியிருக்கிறது. தப்பிப் போயிருந்தால் வரியும் செத்திருக்கும். துணிந்து சொன்னார்.

அப்படிப்பட்டவரை 2020-இல் ஐடிவி முதலிடத்திலிருந்து இறக்கி சாம் மேட்டர்ஃபேஸை வைத்தது. டில்ட்ஸ்லி வீடியோ போட்டு, இது என் முடிவில்லை, வருத்தமாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது என்று பூசி மெழுகாமல் சொன்னார். மேட்டர்ஃபேஸைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

லத்தீன் அமெரிக்கக் குரல்களை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். 1986-இல் மரடோனா பாதி இங்கிலாந்து அணியைத் தாண்டிப் போட்ட கோலுக்கு, உருகுவேக்காரர் விக்டர் ஹ்யூகோ மொராலெஸ் நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று அழுதுகொண்டே கேட்டார். அது வானொலி. படம் இல்லாத இடத்தில் வாய்தான் எல்லாம், நிறுத்தினால் ஆட்டமே நின்றுவிடும். டிவிக்காரர்களை அந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை.

2022 உலகக் கோப்பையைத் தமிழிலும் கேட்டோம். ஆர்வமும் தகவலும் குறையில்லாமல் இருந்தன. ஆனால் வானொலிக் கிரிக்கெட் வர்ணனையின் பழக்கம் போகவில்லை. ஒரு நொடி சும்மா விட்டாலும் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்பது போலப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மலையாளத்தில் ஷைஜு தாமோதரன் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்களில் இதைவிட அதிகம் கத்துகிறார்தான். ஆனால் எப்போது கத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், கொச்சி மைதானத்தின் தாளத்தோடு அது சேர்ந்தும் போகிறது. நம் வர்ணனையாளர்களுக்கு அடுக்குமொழியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களிடம் ட்ரூரி கிளிப்களைக் காட்டாமல், 93:20-க்கு அப்புறமான அந்தச் சில நொடிகளைப் போட்டுக் காட்டினால் நல்லது.