பழைய டொமைனிலிருந்து புது டொமைனுக்கு: மூன்று குற்றால சீசன் பார்த்த பிறகு

செங்கோட்டையில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருஷமாக ஒரு சுற்றுலாத் தகவல் தளம் நடத்துகிறேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, ஆரியங்காவுக்குக் கடைசி பஸ் எப்போது, பாலருவிக்குப் போனால் எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2023 பிப்ரவரியில் அதை வேறு டொமைனுக்கு, அதாவது வேறு இணையப் பெயருக்கு, மாற்றினேன். அந்த மாதமே எழுதியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் பெரிய அடி விழுந்தது பதினைந்து மாதம் கழித்து. அதனால்தான் மூன்று சீசன் முழுசாகப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

மாற்றியதற்குக் காரணம் பெயர்தான். பழைய பெயரில் குற்றாலம் மட்டும் இருந்தது. அதையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், போனில் எழுத்துக் கூட்டிச் சொல்வதற்குள் எதிராளி வைத்துவிடுவார். தளமும் குற்றாலத்தோடு நிற்கவில்லை. புனலூர் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 2010-ல் நின்று, அகலப்பாதையாக 2018-ல் திரும்ப ஓட ஆரம்பித்ததும் கேரளத்திலிருந்து வாசகர்கள் நிறைய வந்தார்கள். தென்மலை, அச்சன்கோவில், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் என்று பக்கங்கள் பெருகின, மலையாளப் பகுதியும் சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் பொதுவாக ஒரு பெயர் தேவைப்பட்டது.

முதலில் நேரம் பார்த்தேன். எங்கள் ஊருக்கு வருஷத்தில் இரண்டு கூட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன், கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரை ஐயப்பமார். கூட்டம் குறைவான நாளில் மாற்றச் சொல்லி கூகுளும் சொல்கிறது. பிப்ரவரியில் மாற்றினால் தடுமாறினாலும் ஜூனுக்குள் நிமிர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு சரியாக வந்தது. உங்கள் தளத்துக்கும் இப்படி ஒரு வெறும் மாதம் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது பழைய முகவரிகளின் பட்டியல். இதற்கு மட்டும் இரண்டு வாரம் உட்கார்ந்தேன், ஒரு நாள்கூட வீண் இல்லை. தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் இருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் ஒரு தடவைக்கு 1000 வரிதான் தரும், அதனால் தமிழ்ப் பக்கம், மலையாளப் பக்கம் என்று பிரித்துப் பிரித்து இறக்கினேன். அதில் 16 மாதத்துக்கு முந்தைய கணக்கும் நிற்காது. போன சீசனோடு ஒப்பிட வேண்டுமென்றால் மாற்றுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று பதிவாகும் சர்வர் லாகைத் திறந்தேன். நான் மறந்தே போன பஸ் நேர பிடிஎஃப் ஒன்றுக்கு, ஒரு கல்லூரியின் பக்கத்திலிருந்து தினமும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அது வேறெந்தப் பட்டியலிலும் இல்லை.

தொழில்நுட்ப வேலைக்குப் புனலூர்க்காரர் ஒருவர் உதவினார், எனக்கு அவர் சேட்டன். டேட்டாபேஸில் பழைய பெயரைத் தேடி நேராக மாற்றிவிடலாம் என்று நான் கிளம்பியபோது கையைப் பிடித்தார். "அங்ஙன மாத்தண்டா அண்ணாச்சி, விட்ஜெட் எல்லாம் போயிடும்." என் தளத்தை ஓட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது, அந்தச் சொல் எத்தனை எழுத்து நீளம் என்ற எண்ணையும் சேர்த்தே எழுதி வைக்கும். பெயரின் நீளம் மாறி எண் மாறாமல் இருந்தால், அந்த அமைப்பையே படிக்க முடியாமல் போய்விடும். வேர்ட்பிரஸைக் கட்டளை தட்டி இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் இதற்கென்று உள்ள தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சரிசெய்துவிடுகிறது. அவர் சொன்னதைக் கேட்டேன், சேதமில்லை.

அவர் சொல்லிக் கேட்காத இடமும் ஒன்று உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். இணைய முகவரிக்குள் தமிழ் யூனிகோடு எழுத்துக்குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறி ஒன்பது இடத்தை அடைக்கும். வேர்ட்பிரஸில் மொத்தம் 200 இடம்தான் அனுமதி. 'செங்கோட்டையிலிருந்து' என்ற ஒரு சொல்லே 180 இடத்தைத் தின்றுவிடுகிறது. 'செங்கோட்டையிலிருந்து பாலருவி' என்று வைத்த பக்கத்தின் முகவரி 'செங்கோட்டையிலிருந்து-பா' என்று அறுந்து நின்றது. 'செங்கோட்டையிலிருந்து பாபநாசம்' பக்கமும் அதே மாதிரி அறுந்து, பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் எது என்று எனக்கே தெரியாது. டொமைன்தான் மாறுகிறதே, இதையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று நாற்பது பக்கங்களுக்கு முகவரியைச் சுருக்கினேன். "ரெண்டும் ஒரே சமயத்துல வேண்டா" என்று சேட்டன் சொன்னார். நான் கேட்கவில்லை.

மாற்றிய நாள் அமைதியாகப் போனது. முழு தளத்துக்கும் ஒரே விதி: பழைய டொமைனில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் புது டொமைனின் அதே பக்கத்துக்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடுவது. எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பும் தவறை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பாலருவி நேரத்தைத் தேடி வந்தவருக்கு முகப்பைக் காட்டினால் அவரும் போய்விடுவார், கூகுளும் அந்தப் பக்கம் இல்லாமல் போனதாகவே கணக்கெடுக்கும். சர்ச் கன்சோலின் முகவரி மாற்றக் கருவியில் இரண்டு டொமைனும் ஒரே கணக்கில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும், அது இருந்ததால் ஐந்து நிமிட வேலை. 301-ல் பக்கத்தின் மதிப்பு கொஞ்சம் கசிந்துவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இழப்பில்லை என்று கூகுளின் கேரி இல்யஸ் 2016-லேயே சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் வரைபடம் மேலும் கீழுமாக ஆடியது. ஒரு நாள் தேடினால் பழைய பெயர் வரும், மறுநாள் புதியது வரும். நான்காவது வாரத்தில் தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் அவை இருந்த இடத்துக்கே வந்துவிட்டன.

மலையாளப் பக்கங்கள் மட்டும் அசையவே இல்லை. ஆறு வாரம் ஆகியும் தேடலில் பழைய டொமைன்தான் நின்றது. பக்கத்தின் மூலக்குறியைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. இதுதான் உண்மையான முகவரி என்று கூகுளுக்குச் சொல்லும் கனானிகல் வரியில் பழைய டொமைன் அப்படியே கிடந்தது. தமிழ், மலையாளப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் எச்ரெஃப்லாங் வரிகளும் அப்படித்தான். அந்தப் பகுதியின் தோற்றத்தை அமைக்கும் தீம் கோப்பில் கையால் எழுதி வைத்திருந்தோம், டேட்டாபேஸில் தேடினால் எப்படி அகப்படும்? பழைய பக்கம் புதியதைக் கைகாட்டுகிறது, புதியது பழையதைக் கைகாட்டுகிறது, இதில் கூகுள் எதை நம்பும்? இரண்டு வரியைத் திருத்தினோம். அடுத்த மூன்று வாரத்தில் அவையும் மாறின.

சுருக்கிய நாற்பது பக்கங்கள்தான் நிஜமாகவே அடி வாங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி ரீடைரக்ட் எழுதியிருந்தேன், பிரவுசரில் நகலெடுத்த சதவீதக் குறி முகவரியை அப்படியே ஒட்டி. பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி சர்வர் அந்தக் குறிகளைப் பிரித்துத் தமிழாக்கிய பிறகுதான் விதியோடு ஒப்பிடும். அதனால் நான் எழுதியது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாம் பொது விதியில் விழுந்து, புது டொமைனில் இல்லாத பக்கத்துக்குப் போய் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று ஆனது. எடிட்டரில் முகவரியை மாற்றியிருந்தால் வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிட்டிருக்கும். நான் டேட்டாபேஸில் மொத்தமாக மாற்றியதால் அந்த உதவியும் இல்லை. விதிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, கோப்பைத் தமிழ் எழுத்து தாங்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து, பொது விதிக்கு மேலே வைத்ததும் சரியானது. ஆனால் கவனிக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் இன்றுவரை பழைய இடத்துக்கு வரவில்லை. டொமைன் மாறுகிறபோது வேறு எதையும் மாற்றாதீர்கள். முகவரி அசிங்கமாக இருந்தால் ஆறு மாதம் அசிங்கமாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் தாண்டி 2023 சீசன் நன்றாகவே போனது. 2024 ஏப்ரலில், தளத்தை வைக்க இடம் தந்த பழைய ஹோஸ்டிங்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் வந்தது. மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருஷம் இருக்கட்டும் என்றுதானே கூகுளும் சொல்கிறது என்று நினைத்து அதை நிறுத்தினேன். டொமைன் பதிவு செய்த இடத்தில் இலவசமாகத் தந்த ஃபார்வர்டிங் வசதியைப் போட்டுவிட்டேன்.

மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். அந்த வாரம் முழுக்க எல்லோரும் தேடியது ஒன்றே ஒன்றுதான்: எந்த அருவியில் விடுகிறார்கள், எதில் தடை? குற்றாலத்தில் பல லாட்ஜுகளின் வரவேற்பு மேஜையில் எங்கள் க்யூஆர் அட்டை இருக்கும். ஐந்தருவி ரோட்டு லாட்ஜிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, உங்க அட்டையை ஸ்கேன் பண்ணா போன்ல சிவப்பா எச்சரிக்கை வருது. கொல்லத்துலருந்து வந்த ஃபேமிலி, இது வைரஸானு கேக்குறாங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் குடும்பத்தின் பெரியவர் தன் போனை நீட்டினார். பாதுகாப்பு எச்சரிக்கை, உள்ளே போகும் வழியே இல்லை. அட்டையில் இருந்தது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பழைய முகவரி. அந்த இலவச ஃபார்வர்டிங், பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாமல் சாதாரண எச்டிடிபிக்கு மட்டுமே வேலை செய்தது. பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வரச் சொல்லி பிரவுசருக்கு உத்தரவிடும் எச்எஸ்டிஎஸ்-ஐ முன்பு நாங்களே போட்டிருந்ததால், ஏற்கெனவே தளத்தைப் பார்த்த போன்களில் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவும் முடியாது. சாதாரண எச்டிடிபியில் வந்தவர்களையோ அது முகப்பில் கொண்டுபோய் விட்டது. பெரியவரிடம் நேரிலேயே எந்தெந்த அருவியில் தடை என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காமல் அந்த அட்டையை மட்டும் நம்பி நின்றவர்களை நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கணக்கைப் பார்க்கலாம் என்று சர்ச் கன்சோலைத் திறந்தால் பழைய டொமைனுக்கு அனுமதியும் போயிருந்தது. ஃபார்வர்டிங்குக்காக, டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றியபோது, உரிமையைக் காட்ட அதில் வைத்திருந்த டிஎன்எஸ் பதிவு அழிந்துவிட்டது. புது தளத்தின் வரைபடத்திலும் சரிவு தெரிந்தது. வெளித் தளங்களில் எங்களுக்குக் கிடைத்த இணைப்புகளில் பெரும்பாதி இன்னும் பழைய முகவரிக்குத்தான் இருந்தன, அத்தனையும் ஒரே நேரத்தில் அறுந்துபோயின.

சரிசெய்தது எளிது. புது சர்வரிலேயே பழைய டொமைனையும் சேர்த்து, முன்னால் டபிள்யூ மூன்று உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் லெட்ஸ் என்கிரிப்டின் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டு, பழைய 301 விதிகளை அங்கே வைத்தோம். தனி ஹோஸ்டிங் தேவையே இல்லை, செலவு டொமைன் கட்டணம் மட்டும். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அந்தச் சான்றிதழ் காலாவதியாகும் முன்பே தானாகப் புதுப்பிக்கப்படும் என்றாலும், மாதம் ஒருநாள் பழைய முகவரியைப் போனில் தட்டிப் பார்க்கிறேன். ஜூலைக்குள் சரிவு சரியானது, ஆனால் 2024 சீசனின் முதல் மாதம் போனது போனதுதான்.

முகவரி மாற்றக் கருவியில் 180 நாள் என்று ஒரு கெடு வரும். அதைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் பழைய டொமைனை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது எங்கள் பிரானூர் பார்டரைத்தான். திருவிதாங்கூருக்கும் மெட்ராஸுக்கும் எல்லை அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை புளியரை தாண்டி மேற்கே போய்விட்டது. கண்டக்டர் இன்றும் "பார்டர் இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார். புரோட்டா சாப்பிட வருகிறவர்களும் பார்டர் என்று கேட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் கைவிட்ட டொமைனை வேறொருவர் எடுத்துச் சூதாட்டத் தளம் நடத்தினால், உங்களை நம்பிப் பழைய பெயரைத் தட்டுகிறவர் அங்கேதான் போய் இறங்குவார்.

இப்போது 2025 சீசனும் முடிந்துவிட்டது. தேடலில் வரும் கூட்டம் பழைய டொமைனின் கடைசி சீசனைவிட அதிகம். அதில் மலையாளப் பகுதியின் பங்கு பெரியது, அதைப் பெயர் மாற்றத்தின் பலன் என்றே நினைக்கிறேன். சர்வர் லாகில் பழைய முகவரி வழியாக இன்றும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். லாட்ஜ் அட்டைகளை எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு லாட்ஜில் மட்டும் பழைய முகவரி சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறது, அடுத்து வெள்ளையடிக்கும்போது மாற்றித் தருவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பழைய டொமைனுக்குப் போன வாரம் மேலும் ஐந்து வருஷத்துக்குப் பணம் கட்டினேன்.