டிரெய்லர் பேரிங் சர்வீஸ்: பழைய சீலைக் காட்டச் சொல்லுங்கள்

டிரெய்லருக்கு வீல் பேரிங் சர்வீஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாலு ஹப்பையும் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் வைத்து, புது சீல் (கிரீஸ் வெளியே வழியாமல் தடுக்கும் வளையம்) போட்டதாக எனக்கு பில் கொடுத்தார்கள். உண்மையில் சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. ஹப் மூடிக்குள் இருக்கும் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) கிரீஸ் கன்னை வைத்து அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த பயணத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு ஹப் மட்டும் கொதித்தது. வேறொரு மெக்கானிக் பிரேக் டிரம்மைக் கழற்றிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. கணக்கில்லாமல் அடித்த கிரீஸ் பின் சீலைத் தாண்டி வழிந்து, பிரேக் ஷூ அதில் ஊறிக் கிடந்தது. ஊறிய லைனிங்கை (ஷூவின் உராய்வுப் பட்டை) துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆக்சில் நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் துருப்பிடித்த பழசு. உள் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து, அவை உருளும் வெளி வளையமான கப்பில் பள்ளம் விழுந்திருந்தது. ஓடும்போது அந்த பேரிங் இறுகியிருந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று, பின்னால் வருகிறவர்கள் மேல் போயிருக்கும். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "கிரீஸ் அடிச்சாலே சர்வீஸ்தான் சார்" என்றார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிரீஸ் அடிப்பது வேறு, சர்வீஸ் வேறு. பேரிங்கை வெளியே எடுத்துப் பார்க்காமல் பள்ளமோ துருவோ யாருக்கும் தெரியாது. ஆக்சில் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல் (சுமார் 19,000 கிலோமீட்டர்), இதில் எது முதலில் வருகிறதோ அது. 'வண்டி ஓடவே இல்லையே' என்று தள்ளிப்போடாதீர்கள். நிற்கும் வண்டியிலும் ஈரம் இறங்கி, உருளை கப்பில் பதிந்திருக்கும் இடத்திலேயே துரு பிடிக்கும். கழற்ற முடியாத சீல்டு பேரிங் என்றால் கிரீஸ் வைக்கும் வேலை இல்லை; ஆட்டமும் சத்தமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கெட்டால் மாற்ற வேண்டும்.

ஏமாற்றைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. உள் பேரிங்கை எடுக்க வேண்டுமென்றால் பின் சீலைப் பெயர்த்தே ஆக வேண்டும், பெயர்த்த சீலை மறுபடி போடக் கூடாது. ஆகவே நாலு ஹப்புக்கு நாலு பழைய சீல் கையில் வர வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், வண்டியை விடும் முன் ஹப்புக்கும் மூடிக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். திரும்பி வரும்போது கோடு அப்படியே நேராக இருந்தால், மூடியைக் கழற்றிக் காட்டும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

வேலை நேர்மையாக நடந்திருந்தாலும், முதல் 80 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி சரிபாருங்கள். வழியில் நிறுத்தும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நாலு ஹப்பையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சூடேறியிருந்தால் வண்டியை அதற்கு மேல் இழுக்காதீர்கள்.